வேலைக்கு வந்த ஓரகத்தி

உழைப்பில் உயர்வு தாழ்வு கிடையாது; செங்கோலும் துடைப்பமும் ஒரே மரியாதைக்கு உரியவை. திருவண்ணாமலை வேட்டவலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த நகரில், நலச்சங்கத் தலைவர் அப்பாதுரை குடியரசு தினத்துக்குக் கொடியேற்றும்போதெல்லாம் சொல்கிற வாக்கியம் இது. செங்கோலை அவர் நேரில் பார்த்ததில்லை. துடைப்பம் தன் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

அவர் மனைவி அருணாதேவிக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இனிமேல் குனிந்து பெருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டி தூசு பார்ப்பார்கள் என்று அருணாதேவி உறுதியாக நம்பினாள். அவள் போன வீடுகளில் அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

ஆள் தேடினார்கள். முதலில் வந்தவள் எல்லாம் செய்வேன், கக்கூஸ் மட்டும் கழுவ மாட்டேன் என்றாள். அடுத்தவள் அதையும் கழுவுவேன், பௌர்ணமிக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கிரிவலப் பாதையில் எலுமிச்சை சாதக் கடை.

"எங்க வீட்டுல பௌர்ணமிக்குத்தாம்மா அன்னதானம். அன்னிக்குத்தான் அண்டா குண்டா எல்லாம் தேய்க்கணும்" என்றாள் அருணாதேவி.

"அப்ப அண்ணாமலையார்கிட்டயே சொல்லுங்கம்மா. பௌர்ணமிய வேற நாளைக்கு மாத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைச் சாத்தாமல் போனாள்.

கடைசியில் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சகாதேவன்தான் ஒரு ஆளைச் சொன்னான். "அடி அண்ணாமலையில எங்க வூட்டாண்ட குடியிருக்காங்கம்மா. வூட்டுக்காரருக்கு சக்கரை, கால்ல புண்ணு. கஷ்டப்படறாங்க. சுத்தமான கை. பேச்சும் கம்மி."

கை சுத்தம்தான். மற்றது பொய்.

அந்த அம்மாள் வருகிற அன்று அருணாதேவி விடிந்ததும் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்க ஒருமுறை பெருக்கித் துடைத்து வைத்தாள். வருகிறவள் வீட்டை அசிங்கமாக நினைத்துவிடக் கூடாது அல்லவா. அப்பாதுரை கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு வருகிறவளிடம் சொல்ல வேண்டிய நிபந்தனைகளை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வந்தவள் செருப்பை வாசலில் விட்டாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், நிமிர்ந்தாள்.

"அட, அப்பாதொர வூடா இது?"

அப்பாதுரை எழுந்து நின்றுவிட்டார். எழ வேண்டும் என்று முடிவு செய்தது அவர் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பங்காளி வீடுகளில் அண்ணி முறை வருகிறவளைப் பார்த்தால் முழங்கால் தானாக நிமிரும்.

"அண்ணி" என்றார்.

வந்தவள் ரேணுகாம்பாள். அப்பாதுரையின் பெரியப்பா மகன் மண்ணாங்கட்டியின் மனைவி. அருணாதேவிக்கு மூத்த ஓரகத்தி. ஒரு கிணற்றுப் பங்கு வழக்கில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று மாமாங்கம் ஆகியிருந்தது. வழக்கில் ஜெயித்தது அப்பாதுரையின் அப்பா. ஜெயித்த பங்கை விற்று டவுனில் மனை வாங்கினார். இந்த வீடு அதன்மேல்தான் நிற்கிறது. தோற்ற மண்ணாங்கட்டி மிச்ச நிலத்தை விற்று வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, அடி அண்ணாமலையில் ஒற்றை அறைக்கு வந்து, ஒரு லாட்ஜ் வாசலில் வாட்ச்மேனாக நின்றார். கால் மரத்துப்போய், செருப்பு கடித்தது தெரியாமல் நின்று, புண் வந்தது.

"குந்துங்க அண்ணி."

"குந்தறதுக்கா வந்தேன்? தொடப்பம் எங்க வச்சிருக்கீங்க?"

அப்பாதுரை மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போயி எங்க வீட்டுல..." என்று அருணாதேவி இழுத்தாள். "வேணாங்கா. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்."

"நீ வேற ஆளப் பாத்துக்குவ. எனக்கு வேற வூட்ட யாரு பாத்துக் குடுப்பாங்க? இதோ பாரு அருணா. பெருக்கற வரைக்கும் நான் வேலைக்காரி. பெருக்கி முடிச்சு கையக் கழுவிட்டா உன் ஓரகத்தி. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத. எனக்கு ஒண்ணும் கொழப்பம் இல்ல."

குழப்பம் முழுவதும் அவர்களுக்குத்தான் இருந்தது. மூத்த ஓரகத்தியிடம், சோபாவுக்கு அடியில் சரியாகப் பெருக்கவில்லை என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விட்ட தூசை அவள் போனபிறகு அருணாதேவியே குனிந்து கூட்டினாள். அண்ணியைக் கக்கூஸ் கழுவச் சொல்ல அப்பாதுரைக்கு நாக்கு எழவில்லை. ஆகவே அவள் வரும் முன்பே கதவைத் தாழிட்டு, தண்ணீர் சத்தம் தெருவுக்குக் கேட்காதபடி ரேடியோவை வைத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குந்தினார். ஆண்டுக்கணக்கில் மேடையில் பேசிய சமத்துவம் அந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாக, பினாயில் வாசனையோடு நுழைந்தது.

ரேணுகாம்பாளோ கை கழுவியதும் தன் முறையை எடுத்துக்கொண்டாள். "இன்னா அருணா, பிரிட்ஜ்ல இத்தினி நாளு கொழம்ப வச்சிக்கினு இருக்க? நம்ம வூட்டுல நாய்க்குக்கூட இத வைக்க மாட்டாங்க." சாப்பாட்டு மேசையில் அப்பாதுரைக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். "தம்பி, தொப்ப ஜாஸ்தியா இருக்குது. உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று சர்க்கரை டாக்டரைவிடக் கண்டிப்பாகச் சொன்னாள். ஆனால் வாசலில் அழைப்பு மணி அடித்தால், தட்டை எடுத்துக்கொண்டு யாரும் சொல்லாமலே அடுக்களைக்குள் போனாள். அவள் போவதை இவர்கள் தடுத்ததில்லை. ஒருநாளும் தடுத்ததில்லை.

தெருப் பெண்கள் இருக்கும்போது அவளை என்னவென்று கூப்பிடுவது? அக்கா என்றால் அந்தச் சொல்லில் எங்கேயோ ரத்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. பேர் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அருணாதேவி ஒரு புதிய இலக்கணம் கண்டுபிடித்தாள். "இதோ... அந்த வாளி..." என்பாள். "அது ஆச்சுன்னா இங்க..." என்பாள். எழுவாயே இல்லாமல் அந்த வீட்டில் எல்லா வேலையும் நடந்தது.

செங்கத்திலிருந்து ஆர்த்தியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரசாத் சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருந்தான். அப்பா பரசுராமனுக்கு அரிசி ஆலை. அம்மா வேதா, நாற்காலியில் உட்காரும் முன் ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினாள். விரல் சுத்தமாக வந்தது.

"வீட்ட நல்லா வச்சிருக்கீங்க. ஆள் வச்சிருக்கீங்களா?" என்றாள் வேதா.

அந்த நேரம் பார்த்து ரேணுகாம்பாள் காப்பித் தட்டோடு வந்தாள். தலை வாரியிருந்தாள். முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து, தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"ஆமாங்க. வேலைக்கு வர்றவங்கதான் இவங்க" என்றாள் அருணாதேவி.

தட்டு ஆடவில்லை. "ஆறிடப்போவுது, எடுத்துக்கோங்க" என்று ரேணுகாம்பாள் நீட்டினாள். உள்ளே போனாள். அடுக்களையில் குழாயைத் திறந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவும் சத்தம் கூடம்வரை கேட்டது.

"காப்பி நல்லா போடறாங்க" என்றார் பரசுராமன். அப்பாதுரை, உழைக்கும் கைகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, காப்பியை விட்டு அடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் அருணாதேவி அடுக்களை வாசலில் நின்றாள். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. டக்குனு வாயில வந்துடுச்சு."

"இன்னா தப்பு? வேலைக்குத்தானே வர்றேன். நீ ஒண்ணும் பொய் சொல்லலையே." ரேணுகாம்பாள் கையை உதறினாள். "ஆனா காப்பிய கை கழுவிட்டுத்தான் எடுத்தாந்தேன்."

"சமயம் பாத்து பக்குவமா அவங்ககிட்ட சொல்லிடலாம் அண்ணி" என்றார் அப்பாதுரை. எந்த விஷயமானாலும் சமயம் பார்த்துப் பக்குவமாகச் செய்கிறவர் அவர். அரசு வேலையிலிருந்து அவர் ஓய்வு பெறும்போது அப்படிச் சமயம் பார்த்துக்கொண்டிருந்த கோப்புகள் ஒரு பீரோ நிறைய இருந்தன.

இடம் பிடித்துப்போய், ஆனி கடைசி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அதை விட்டால் ஆடி. ஆடி முடிவதற்குள் பிரசாத்தின் லீவு முடிந்துவிடும். லீவு முடிந்து பறந்துவிட்ட மாப்பிள்ளை மனம் மாறாமல் திரும்பி வருவான் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆர்த்திக்கு ஏற்கெனவே இரண்டு இடம் பேசிக் கலைந்திருந்தது. அருணாதேவி தூக்கத்தில்கூட ஆனி, ஆனி என்று முனகினாள்.

அந்த வாரத்தில்தான் மண்ணாங்கட்டியின் கால் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ரேணுகாம்பாள் வந்து சொன்னாள். "டாக்டரு ஒண்ணும் முழுசா சொல்ல மாட்டேங்கறாரு தம்பி. பாக்கலாம், பாக்கலாம்ங்கறாரு. நான் கொஞ்ச நாளைக்கு வர மாட்டேன்."

"நான் வந்து பாக்கறேன் அண்ணி."

சொன்னபடி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவும் செய்தார். அங்கே அலுவலகத்தில் பழைய சிநேகிதர் ஒருவருக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. வைத்தார், டீ குடித்தார். மண்ணாங்கட்டி படுத்திருந்தது மேல்மாடி. மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு இருந்தது. அதோடு நோயாளியைப் பார்க்கப் போவது சரியில்லை என்று பட்டது. திரும்பிவிட்டார்.

அன்றைக்கு ராச்சாப்பாட்டின்போது அருணாதேவி கேட்டாள். "ஏங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மண்ணாங்கட்டி பங்காளி. செத்தால் தீட்டு. தீட்டு வீட்டில் சுபகாரியம் கிடையாது. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தால், யார் செத்தது என்று வேதா கேட்பாள். காப்பி கொண்டுவந்து நீட்டினாளே, அவள் புருஷன்தான், என் பெரியப்பா மகன் என்று சொல்ல வேண்டும்.

அப்பாதுரை புரோகிதருக்குப் போன் போட்டார்.

"ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன் சாமி. எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு. அவரு பங்காளிக்கு உடம்பு சரியில்ல."

"தவறிட்டா தீட்டு உண்டுங்க. கல்யாணம், நிச்சயம் எல்லாம் தள்ளித்தான் வைக்கணும்."

"சரி. சேதி அவருக்குத் தெரியாதுன்னு வச்சுக்கங்க?"

"காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்ல. தூரதேசத்துல இருக்கறவாளுக்காகச் சொன்னது அது."

"தூரம்னா எவ்வளவு தூரம்?"

"உங்களுக்குத் தெரிஞ்சவர் எங்க இருக்கார்?"

"வெளியூரு. அப்புறமா, காரியம் எல்லாம் முடிஞ்சு லேட்டா காதுல விழுந்தா?"

"கேட்டதும் ஒரு தலைமுழுக்கு. அவ்வளவுதான்."

போனை வைத்தபோது அப்பாதுரையின் முகத்தில், சட்டத்தில் தேவையான உட்பிரிவைக் கண்டுபிடித்த பழைய அதிகாரி தெரிந்தார். அன்றிலிருந்து அந்த வீடு செவிடானது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், இன்னும் இருட்டு விலகவில்லை, அருணாதேவியின் போன் அடித்தது. ரேணுகாம்பாள். சாப்பாட்டு மேசைமேல் போன் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று, பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"எடுக்காதீங்க" என்றாள் அருணாதேவி.

"வேற எதுக்காவது இருந்தா?"

"விடியறதுக்கு முன்னால வேற எதுக்குங்க போன் வரும்?"

நின்றது. மறுபடியும் அடித்தது. நின்று, மறுபடியும். அப்பாதுரை அதன்மேல் சோபாத் தலையணையை வைத்து அமுக்கினார். தலையணைக்கு அடியிலிருந்து அது முனகியது.

நிச்சயத்துக்காக வந்திருந்த ஆர்த்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "யாருப்பா? ஏன் எடுக்கல?"

"லோன் வேணுமான்னு கேக்கறானுங்கம்மா. நீ தூங்கு. நாளைக்கு மூஞ்சி ஃப்ரெஷ்ஷா இருக்கணும்."

விடிந்து பந்தல்காரர்கள் வாசலில் துணி கட்டிக்கொண்டிருந்தபோது சகாதேவனின் ஆட்டோ வந்து நின்றது. அவன் இறங்கி, வேகமாக கேட்டைத் திறந்தான்.

"அம்மா, ரேணுகாம்மா அனுப்பிச்சாங்க. அவங்க வூட்டுக்காரருக்கு..."

"சொல்லாத!" என்று அருணாதேவி கத்தினாள். பந்தல்காரன் ஏணியில் ஒருகணம் தடுமாறினான். "சொல்லாத சகாதேவா, உனக்குப் புண்ணியமாப் போவுது. எதுவும் சொல்லாத." இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, அவசரமா..."

"அவசரம்தான் தெரியுது. நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல சொல்லு. இல்ல, அடுத்த மாசம் சொல்லு!"

சகாதேவன் அவளைப் பார்த்தான். பிறகு அப்பாதுரையைப் பார்த்தான். அப்பாதுரை வாழைமரம் நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"நாளைக்குப் பேசலாம்ப்பா."

"நாளைக்கு எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டோவைத் திருப்பினான். அந்தக் கேள்வியில் அப்பாதுரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது. தெரிந்தது, ஆனால் காதில் விழவில்லை.

அவர் உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டார். அவருடைய அப்பா செத்தபோது கிணற்று வழக்கின் சூடு ஆறியிருக்கவில்லை. மண்ணாங்கட்டி வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடை கட்ட மூங்கில் பிளந்தார், சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் சுமந்தார், மொட்டை போட்டுக்கொண்டார், கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய முறை அப்பாதுரைக்குத்தான். இந்நேரம் யார் வைக்கப் போகிறார்கள்? சகாதேவனா?

ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றினார். பிறகு நிறுத்த முடியாமல் வாளியையே கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அருணாதேவி ஈரத் தலையைப் பார்த்துவிட்டாள். "தலைக்கு எதுக்கு ஊத்தினீங்க? கேக்காத சாவுக்கு முழுகினா கேட்டதா ஆயிடும்!"

"வேர்வை" என்றார் அப்பாதுரை.

"வேர்வையா அது?" கண்ணைக் காட்டி அவள் கேட்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவளும் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து, பந்தல்காரனுக்குக் கேட்காமல், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. சமையல்காரர்கள் அண்டாவைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனார்கள். வேதா, "அந்தம்மா எங்கங்க, காணோம்? காப்பி அவங்க கையால குடிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

"லீவு" என்றாள் அருணாதேவி.

"இந்த மாதிரி நாள்லதான் லீவு போடுவாளுங்க" என்று வேதா ஆறுதல் சொன்னாள். அருணாதேவி தலையை ஆட்டினாள்.

காரியம் முடிகிற நாள்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்குள் காதில் எதுவும் விழக் கூடாது. அப்பாதுரை கண்ணீர் அஞ்சலி பேனர்கள் கட்டும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதை விட்டார். போக நேர்ந்தால் தரையைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பணிவு வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சகாதேவன் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது இவருக்கு உறுதிமேல் உறுதியாக இருந்தது. கேட்காத தீட்டை அவர் ரகசியமாகக் காக்கவும் செய்தார். சவரம் செய்யவில்லை. கறி தொடவில்லை. கோயில் பக்கம் போகவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு அன்னதானத்தைக் காய்ச்சல் என்று சொல்லித் தவிர்த்தார். வேறு ஆள் வைக்க அருணாதேவிக்கும் மனம் வரவில்லை. வலிக்க வலிக்கக் குனிந்து பெருக்கினாள். வலித்தால் கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது.

ஒருவழியாக நாள் கடந்தது. துக்கம் கேட்கக் கிளம்பினார்கள். நிச்சயத்துக்குப் பூசை போட்ட காரைச் சாவு வீட்டுக்கு எடுக்கக் கூடாது என்று டவுன் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பூக்கடையில் பெரிய மாலையாகக் கேட்டார் அப்பாதுரை.

"சாமிக்கா சார், சாவுக்கா?"

"படத்துக்கு" என்றார்.

கடைக்காரன் சம்பங்கியும் அரளியும் வைத்துக் கட்டிய கனமான மாலையாக எடுத்து வாழையிலையில் சுற்றிக் கொடுத்தான்.

அடி அண்ணாமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, சந்துக்குள் திரும்பியதும் அருணாதேவி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இழவு வீட்டுக்குப் போகும் பெண், தெருமுனையிலேயே குரலை எடுக்க வேண்டும். அவள் எடுத்தாள். வாரக்கணக்கில் முந்தானையில் அடைத்து வைத்திருந்த அழுகை. ஓட்டு வீடுகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சேதி ஒண்ணும் சொல்லாம, சேந்து நாங்க வந்து நிக்காம, எங்க போனீங்க மாமா! எங்கள வுட்டுட்டு எங்க போனீங்க!"

"எங்க போனேன்? இங்கதான் குந்தினு கீறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, அருணாவா அது?"

கதவு திறந்தே இருந்தது. மண்ணாங்கட்டி கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கையில் கூழ்க் கிண்ணத்தோடு இருந்தார். லுங்கி ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

அருணாதேவியின் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் மட்டும் அறுந்துவிட்டது.

ரேணுகாம்பாள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஓரகத்தியின் விரித்த தலையைப் பார்த்தாள். கொழுந்தனின் தாடியைப் பார்த்தாள். வாழையிலைக்குள்ளிருந்து துருத்திக்கொண்டிருந்த சம்பங்கியைப் பார்த்தாள். மெதுவாக, வரிசையாகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னாடா அது, மாலையா?" என்றார் மண்ணாங்கட்டி. அவர் முகம் மலர்ந்தது. "ஆஸ்பத்திரியிலருந்து பொழச்சு வந்தவனுக்கு மாலை எடுத்தாந்திருக்கான் பாருடி. என் தம்பிடி இவன். போடுடா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து கழுத்தை நீட்டினார்.

"ஐயோ, வேணாம்!" என்று அருணாதேவி அப்பாதுரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்களுக்கு ஆவாது" என்றாள் ரேணுகாம்பாள் புருஷனிடம். "கொஞ்ச நாளு போவட்டும். பூவு ஒத்துக்காது, தும்மல் வரும்." பிறகு இவர்கள் பக்கம் திரும்பினாள். "குந்துங்க. இன்னாத்துக்கு நின்னுக்கினே இருக்கீங்க?"

உட்கார்ந்தார்கள். மாலை அப்பாதுரையின் மடியில் இருந்தது.

"அன்னிக்கு விடியக்காலம் போன் போட்டேன் அருணா. கால எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னுட்டாங்க. ரத்தம் வேணும்னு கேட்டாங்க. பங்காளி ரத்தம் சேரும்னு நெனச்சேன். அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீங்க எடுக்கல. சகாதேவனையும் அனுப்பினேன்."

"பந்தல் வேலையில..." என்றார் அப்பாதுரை.

"தெரியும். நிச்சய வூட்டுல ஆயிரம் வேல. அப்புறம் அந்த ஸ்டாண்டுப் பசங்கதான் வந்து குடுத்தாங்க. யாரு ரத்தம்னா இன்னா, செவப்பாத்தான் இருந்துச்சு."

மண்ணாங்கட்டி சிரித்தார். "ஆட்டோக்காரனுங்க ரத்தம்டா. ரிவர்ஸ் கீர்கூட இருக்குது இப்ப எனக்கு." சிரித்து முடித்து, "பாப்பாக்கு நிச்சயம் நல்லா நடந்துதா? எனக்குத்தான் வர குடுத்து வைக்கல. மாப்ள வூட்டாருகிட்ட சொன்னியா, பெரியப்பன் ஒருத்தன் ஆஸ்பத்திரில கெடக்கறான்னு?"

அப்பாதுரை தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை, பளிச்சென்று துடைத்திருந்தது.

"சொன்னாங்க, சொன்னாங்க" என்றாள் ரேணுகாம்பாள். "கூழு ஆறுது, குடிங்க."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தார்கள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அருணா, அடுத்த வாரத்துலருந்து வேலைக்கு வரட்டுமா? இவரு இனிமே லாட்ஜுக்குப் போவ முடியாது. மருந்து வேற ஜாஸ்தி."

அருணாதேவி புருஷனைப் பார்த்தாள். ஆவணியில் கல்யாணம். அதுவரைக்கும் வேதா அடிக்கடி வந்து போவாள்.

"நான் போன் பண்றேன் அண்ணி" என்றார் அப்பாதுரை.

"பண்ணு" என்றாள் ரேணுகாம்பாள். "நான் எடுப்பேன்."

பிறகு அவர் கையைப் பார்த்தாள். "அத மறக்காம எடுத்துக்கினு போங்க. உசுரோட மனுசன் இருக்கற வூட்டுல வைக்கக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் அருணாதேவி கொண்டை போட்டுக்கொண்டாள். வேட்டவலம் ரோட்டில் இவர்கள் ஸ்டாப் வந்தபோது, அப்பாதுரை மாலையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார். இருவரும் இறங்கினார்கள். நகர்ந்த பஸ் விசில் சத்தத்தோடு நின்றது. கண்டக்டர் படியில் குனிந்து, "சார், உங்க மாலை" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.